பிரிட்டன் ஸ்டேட் பென்ஷன்: முதல் ஆண்டு வரிக் குழப்பங்களும் அவற்றை அவிழ்க்கும் வழியும்

பிரிட்டனில் ஸ்டேட் பென்ஷனைக் கொடுப்பது ஒரு துறை, அதற்கு வரி வாங்குவது வேறொரு துறை. கொடுக்கிற டி.டபிள்யூ.பி. ஒரு பென்னிகூடப் பிடிப்பதில்லை. தொகை முழுசாக வங்கிக்கு வந்துவிடும். அதனாலேயே பலர் இதற்கு வரி கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரி உண்டு. வரித் துறையான எச்.எம்.ஆர்.சி., எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் குறியீடான உங்கள் டாக்ஸ் கோடை மாற்றி, சம்பளத்திலிருந்தோ கம்பெனிப் பென்ஷனிலிருந்தோ அதை எடுத்துக்கொள்ளும். முதல் ஆண்டுத் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு துறைகளுக்கு நடுவில் பிறப்பவை.

2025-26 வரி ஆண்டில் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) முழுப் புதிய ஸ்டேட் பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுண்டு, 52 வாரத்துக்கு 11,973. வரியில்லா வரம்பு 12,570. 2026 ஏப்ரலில் பென்ஷன் வாரம் 241.30 ஆகிறது, ஆண்டுக்கு 12,547.60. வரம்பு ஏறவில்லை. மிச்சம் 22 பவுண்டு. அதன் பிறகு சம்பளமாகவோ கம்பெனிப் பென்ஷனாகவோ வருவதெல்லாம் அநேகமாக முதல் பவுண்டிலிருந்தே வரிக்குள் போகும்.

யாருக்கும் போன் போடும் முன் மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள். ஒன்று, டி.டபிள்யூ.பி. அனுப்பிய பென்ஷன் கடிதம். வாரத் தொகையும் தொடங்கிய தேதியும் அதில் இருக்கும். இரண்டு, பி2 எனப்படும் டாக்ஸ் கோட் அறிவிப்பு. தபாலில் வராவிட்டால் எச்.எம்.ஆர்.சி. ஆப்பில் பார்க்கலாம். மூன்று, கடைசி பே ஸ்லிப். அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் பேசுவதானால், உரியவர் பக்கத்தில் இருந்து லைனில் அனுமதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துறையும் வாய் திறக்காது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

பிறந்தநாள் முடிந்தது, பணம் வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, விண்ணப்பித்தீர்களா என்பது. ஸ்டேட் பென்ஷன் தானாக வராது. வயது எட்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பாவது அழைப்புக் கடிதம் வர வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வீடு மாறியபோது முகவரியை மாற்றாதவர்களுக்குக் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். கடிதம் வராததால் உரிமை போய்விடாது. அதிலுள்ள இன்விடேஷன் கோடை இணையத்திலோ போனிலோ கேட்டு வாங்கலாம்.

விண்ணப்பிக்காமல் விட்டால் பென்ஷன் தள்ளிவைக்கப்பட்டதாகக் கணக்காகும். ஒன்பது வாரத்துக்கு ஒரு சதவீதம் ஏறும், ஆண்டுக்கு ஏறக்குறைய 5.8 சதவீதம். அது வேண்டாம், விட்ட பணம்தான் வேண்டும் என்றால் 12 மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். அப்படி மொத்தமாக வரும் பாக்கிக்கு, அது எந்தெந்த வரி ஆண்டுக்கு உரியதோ அந்தந்த ஆண்டில்தான் வரி. கையில் வந்த ஆண்டில் எல்லாவற்றையும் கொட்டி யாராவது கணக்குப் போட்டால் மறுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி, வயதே. 1960 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 66 பிறந்தநாளில் பென்ஷன் இல்லை. பென்ஷன் வயது மாதம் மாதமாக 67க்கு ஏறுகிறது: 1960 ஏப்ரல் 6 முதல் மே 5 வரை பிறந்தவருக்கு 66 வயதும் ஒரு மாதமும், 1961 மார்ச் 6 முதல் பிறந்தவருக்கு முழு 67.

இரண்டும் சரி, விண்ணப்பமும் ஏற்கப்பட்டது என்றால் கொஞ்சம் பொறுங்கள். பென்ஷன் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கடந்த நான்கு வாரத்துக்காக வருவது. முதல் தொகை வயது எட்டிய ஐந்து வாரத்துக்குள் வரும், அது பெரும்பாலும் அரைகுறைத் தொகையாக இருக்கும். எந்தக் கிழமை என்பதை என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ்) நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் தீர்மானிக்கிறது: 00 முதல் 19 வரை திங்கள், 20 முதல் 39 வரை செவ்வாய், இப்படியே போய் 80 முதல் 99 வரை வெள்ளி.

சம்பளம் அல்லது கம்பெனிப் பென்ஷன் திடீரென இறங்கிவிட்டது

அதிகம் பேர் பதறுவது இங்கேதான். இங்கே கோடின் எண்ணைவிட அதன் வாலைப் படிப்பது முக்கியம்.

1959 அக்டோபர் 13இல் பிறந்த ஒருவர் 2025 அக்டோபர் 13இல் பென்ஷன் வயதை எட்டுகிறார். வேலையிலும் இருக்கிறார், 20 சதவீத வரிக்காரர். அடுத்த ஏப்ரல் 5 வரை ஏறக்குறைய 25 வாரம். அந்த வரி ஆண்டில் அவருக்குச் சேரும் பென்ஷன் 5,756 பவுண்டு; அதற்கு வரி 1,151. வரம்பில் மிஞ்சுவது 6,814. ஆகவே சரியான கோட் 681எல்.

வருவது பல நேரம் 59எல். முழு ஆண்டுத் தொகையான 11,973ஐ வரம்பிலிருந்து கழித்தால் 597. கடைசி இலக்கத்தை வெட்டினால் 59. அரை ஆண்டுப் பென்ஷனுக்கு முழு ஆண்டுக் கழிவு. தப்புத்தான். ஆனால் எவ்வளவு பெரிய தப்பு என்பது வாலைப் பொறுத்தது.

59எல் என்பதற்குப் பின்னால் எம்1 என்றோ எக்ஸ் என்றோ இருந்தால், அந்தக் கோட் அந்தந்த மாதத்தை மட்டும் பார்க்கும், பழைய மாதங்களைத் தோண்டாது. மாதத்துக்குச் சுமார் 200 பவுண்டு கூடுதலாகப் போகும். ஆறு மாதத்தில் 1,200. போக வேண்டியது 1,151. வித்தியாசம் ஐம்பது பவுண்டுக்குள். ஆண்டு முடிந்ததும் கணக்குத் தீர்க்கும்போது அது திரும்பிவிடும். இதற்காக எச்.எம்.ஆர்.சி. போன் வரிசையில் காத்துக்கிடப்பது எங்கள் பார்வையில் வீண்.

வால் இல்லாமல் வெறும் 59எல் என்று இருந்தால் கதை வேறு. அது ஏப்ரலிலிருந்து கூட்டிக் கணக்குப் போடும் கோட். அக்டோபர் சம்பளத்திலேயே ஏழு மாத வித்தியாசம், ஏறக்குறைய 1,400 பவுண்டு, ஒரே அடியாகப் போய்விடும். மார்ச் முடிவதற்குள் மொத்தம் 2,395 பிடித்திருப்பார்கள். 1,240க்கு மேல் அதிகம். உடனே பேச வேண்டியது இதற்கு.

போனில் 0300 200 3300. சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: பென்ஷன் தொடங்கிய தேதி, வாரத் தொகை, இந்த வரி ஆண்டில் சேரும் மொத்தம். "கோட் தப்பு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "இந்த ஆண்டுக்கான ஸ்டேட் பென்ஷன் மதிப்பீடு 11,973 அல்ல, 5,756, திருத்திப் புதுக் கோட் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். கம்பெனியின் பே ரோல் ஆளிடம் சண்டை போட்டுப் பயனில்லை; வந்த கோடை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. திருத்திய கோட் ஏப்ரல் 5க்கு முன் பே ரோலுக்குப் போய்ச் சேர்ந்தால், அதிகம் பிடித்தது அடுத்த சம்பளத்திலேயே திரும்பிவரும்.

சரியான கோட்டும் அதிர்ச்சி கொடுக்கலாம். வாலில்லாத 681எல் அக்டோபரில் வந்தால் அந்த மாதம் சுமார் 670 பவுண்டு கூடுதலாகப் போகும், பிறகு சீராகும். அதில் பிழை எதுவும் இல்லை.

எண் ஒன்பது பவுண்டு முன்பின்னாக இருப்பதையும் பார்க்கலாம். ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பழைய தொகை, மீதி 51 வாரத்துக்குப் புதுத் தொகை என்று கணக்கிட்டால் 2025-26க்கு 11,963.95 வரும், 52ஆல் பெருக்கினால் 11,973. வரியில் வித்தியாசம் இரண்டு பவுண்டுகூட இல்லை. விட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கோடின் முன்னால் எஸ், வேல்ஸில் சி. அது சிக்கல் அல்ல. ஸ்காட்லாந்தில் வரி விகிதம் மட்டும் வேறு.

கோட் கே என்று தொடங்குகிறது

ஸ்டேட் பென்ஷன் தனியாகவோ மற்றக் கழிவுகளோடு சேர்ந்தோ வரியில்லா வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். 2016க்கு முந்தைய பழைய முறையில் கூடுதல் பென்ஷன் சேர்த்தவர்களுக்கும் தள்ளிவைத்து வாங்கியவர்களுக்கும் இது சகஜம். ஆண்டுக்கு 14,000 பவுண்டு பென்ஷன் என்றால் வரம்புக்கு மேல் 1,430, கோட் கே142. அந்த 1,430ஐ உங்கள் மற்ற வருமானத்தோடு கூட்டி வரி பிடிப்பார்கள். எவ்வளவு பெரிய கே கோடாக இருந்தாலும் ஒரு சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்க முடியாது. சரிபார்க்க வேண்டியது பி2இல் உள்ள ஸ்டேட் பென்ஷன் தொகையும், கூடவே எட்டிப்பார்க்கும் "பழைய ஆண்டு பாக்கி", "வங்கி வட்டி" போன்ற பதிவுகளும். வட்டி மதிப்பீடு போன ஆண்டு வங்கி கொடுத்த எண்ணிலிருந்து வருவது. அந்த டெபாசிட்டை நீங்கள் எடுத்துவிட்டிருந்தால் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

வின்டர் ஃபியூவல் தொகையை, அதாவது குளிர்காலச் சூட்டுச் செலவுக்கு அரசு கொடுத்ததை, திரும்ப எடுப்பதாக ஒரு பதிவு இருந்தால் அது தப்பல்ல. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டுபவர்களிடம் 2025 குளிர்காலத் தொகையிலிருந்து எச்.எம்.ஆர்.சி. அதைத் திரும்ப வாங்குகிறது.

தனியார் பென்ஷனிலிருந்து எடுத்த முதல் தொகையில் பாதியைக் காணோம்

பி.ஆர். என்று கோட் இருந்தால், அந்த இடத்தில் வரம்பே கொடுக்காமல் முழுவதற்கும் 20 சதவீதம் பிடிக்கிறார்கள். ஸ்டேட் பென்ஷனே வரம்பைத் தின்றுவிட்டவருக்கு, இரண்டாவது மூன்றாவது சின்னப் பென்ஷன்களுக்கு பி.ஆர். வருவது முறைதான். வரம்பில் இன்னும் மிச்சம் இருந்து அது எந்தக் கோடிலும் சேராமல் கிடந்தால்தான் பிழை.

பெரிய அடி எமர்ஜென்சி கோடில் விழுகிறது. தனியார் பென்ஷன் பானையிலிருந்து ஒருவர் 20,000 பவுண்டு எடுக்கிறார். 5,000 வரியில்லாதது, 15,000 வரிக்குரியது. கம்பெனியிடம் அவருக்கான கோட் இல்லை, முழு வரம்பையும் மாதக் கணக்கில் கொடுக்கும் 1257எல் எம்1 போடுகிறார்கள். அந்தக் கோட், மாதா மாதம் 15,000 வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு 40, 45 சதவீதத்துக்குப் போய்ச் சுமார் 5,100 பவுண்டைப் பிடித்துவிடும். ஆண்டு முடிவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பானையில் மிச்சம் வைத்திருந்து, அந்த ஆண்டில் மறுபடி எடுக்கப்போவதில்லை என்றால் பி55 படிவம். பானையைக் காலி செய்து, வேறு வருமானமும் இருந்தால் பி53இசட். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு சின்னத் தொகையை எடுப்பார்கள். சரியான கோட் கம்பெனிக்கு வந்து சேர்ந்த பிறகு பெரிய தொகையை எடுப்பார்கள். நல்ல பழக்கம்.

ஒன்றுமே மாறவில்லை

இது நிம்மதி தரும் அறிகுறி அல்ல. பென்ஷன் வர ஆரம்பித்து இரண்டு மாதமாகியும் பே ஸ்லிப்பில் 1257எல் அப்படியே நிற்கிறது என்றால், ஸ்டேட் பென்ஷன் விவரம் உங்கள் கோடுக்குள் இன்னும் ஏறவில்லை. வரி மாதத்துக்குச் சுமார் 200 பவுண்டு வீதம் கடனாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இணையத்திலுள்ள வரிக் கணக்கில் ஸ்டேட் பென்ஷன் தொகை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு, முடிந்த ஆண்டின் வரிக் கணக்கைத் தீர்க்கும் பி800 என்ற கடிதம் வரும். பாக்கி 3,000 பவுண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் அதற்கடுத்த ஆண்டின் கோடில் பிரித்துப் பிடிப்பார்கள். அந்த ஆண்டு நடப்பு வரியும் பழைய பாக்கியும் சேர்ந்து இழுக்கும்.

பி800 உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று சொன்னால், காசோலை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காமல் கடிதத்தில் சொன்னபடி இணையத்தில் கேட்டு வாங்குங்கள். மெசேஜில் வரும் "ரீஃபண்ட்" லிங்க் எதையும் தொடாதீர்கள்.

சம்பளமும் இல்லை, வேறு பென்ஷனும் இல்லை, ஆனால் வரி கட்டச் சொல்லிக் கடிதம்

வரி பிடிக்க வேறு இடம் இல்லாதபோது எச்.எம்.ஆர்.சி. சிம்பிள் அசெஸ்மென்ட் அனுப்பும், பிஏ302 என்ற கடிதம். வரி ஆண்டு முடிந்த அக்டோபர் 31க்குள் வந்தால் அடுத்த ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் கடிதத் தேதியிலிருந்து மூன்று மாதம். எண் தப்பாகத் தெரிந்தால் 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒப்பிட வேண்டியது டி.டபிள்யூ.பி. கடிதத்தின் வாரத் தொகையோடு. ஸ்டேட் பென்ஷனுக்கு பி60 என்ற ஆண்டு வருமான, வரிச் சான்று கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்டேட் பென்ஷன் மட்டுமே வருமானமாக உள்ளவர்கள் வரம்பைச் சில பவுண்டு தாண்டினால் இந்தக் கடிதத் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்வதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அரசு சொன்னது. அது 2027-28இலிருந்துதான். தள்ளிவைத்து அதிகம் வாங்குபவர்கள் அதில் சேர மாட்டார்கள்.

செல்ஃப் அசெஸ்மென்ட் கணக்கு டி.டபிள்யூ.பி. கணக்கோடு ஒத்துவரவில்லை

செல்ஃப் அசெஸ்மென்ட், அதாவது தாங்களே வரிக் கணக்குக் கொடுக்கும் முறையில் உள்ள கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் வாடகை வாங்குபவர்களும் விழும் குழி இது. எஸ்ஏ100 படிவத்தில் 8ஆம் பெட்டி ஸ்டேட் பென்ஷனுக்கு. வங்கிக் கணக்கில் வந்த தொகைகளைக் கூட்டி அதில் போட்டுவிடுகிறார்கள். போட வேண்டியது அந்த ஆண்டில் உங்களுக்குச் சேர்ந்த தொகை, கைக்கு வந்த தொகை அல்ல. பென்ஷன் பின்னால் வருவதால் ஏப்ரல் 5க்கு முந்தைய சில வாரங்களின் பணம் அதற்குப் பிறகே வங்கிக்கு வரும். அதையும் சேர்க்க வேண்டும். ஆரம்பத் தேதியிலிருந்து ஏப்ரல் 5 வரை வாரங்களை எண்ணி வாரத் தொகையால் பெருக்குங்கள். நான்கு வாரத் தொகையான 921ஐ மட்டும் எழுதி அனுப்பும் ஆட்களும் உண்டு.

பென்ஷன் வயதுக்குப் பிறகும் என்.ஐ. பிடிக்கிறார்கள்

வேலையில் இருப்பவருக்குப் பென்ஷன் வயதோடு நேஷனல் இன்சூரன்ஸ் நின்றுவிடும், வருமான வரி மட்டும் தொடரும். பே ஸ்லிப்பில் என்.ஐ. எழுத்து ஏ என்பதிலிருந்து சி ஆக மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் பாஸ்போர்ட்டையோ பிறப்புச் சான்றிதழையோ பே ரோலில் காட்டுங்கள். இந்த ஆண்டு பிடித்ததைக் கம்பெனி திருப்பித் தரும். பழைய ஆண்டுகளுக்கு எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு விதி வேறு. அவர் கட்டும் என்.ஐ.யான கிளாஸ் 4 உடனே நிற்காது. வயது எட்டிய பிறகு வரும் ஏப்ரல் 6இலிருந்துதான் நிற்கும். மேலே சொன்ன அக்டோபர்காரர் கடை நடத்துபவராக இருந்தால் 2025-26 முழுவதற்கும் கிளாஸ் 4 கட்ட வேண்டும்.

வாரத் தொகையே எதிர்பார்த்ததைவிடக் குறைவு

முழுத் தொகைக்கு 35 ஆண்டு என்.ஐ. வேண்டும், 10 ஆண்டுக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. 2016க்கு முன் கம்பெனிப் பென்ஷனுக்காக "கான்ட்ராக்டட் அவுட்" ஆனவர்களுக்கு, அதாவது ஸ்டேட் பென்ஷனின் ஒரு பகுதியிலிருந்து விலகியவர்களுக்கு, 35 ஆண்டு இருந்தும் குறையலாம். அதில் பிழை இல்லை. அந்தப் பங்கு கம்பெனிப் பென்ஷனில் வரும்.

பிழை இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. நம் ஆட்களுக்கு முதலாவது, பெயர். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று எழுதிப் பழகியவரை ஒரு கம்பெனி சிவலிங்கம் என்ற குடும்பப் பெயரிலும் இன்னொரு கம்பெனி கமலாதேவி என்ற குடும்பப் பெயரிலும் பதிந்திருக்கும். வந்த புதிதில் என்.ஐ. நம்பர் கிடைக்கும் முன் செய்த வேலைக்கு, டி.என். என்று தொடங்கிப் பிறந்த தேதியை வைத்த தற்காலிக எண் போட்டிருப்பார்கள். அந்த ஆண்டுகள் உங்கள் கணக்கில் சேராமலே கிடக்கலாம். இணையத்தில் என்.ஐ. ரெக்கார்டை ஆண்டுவாரியாகப் பார்த்து, வேலை செய்தும் வெற்றிடமாக இருக்கும் ஆண்டைக் குறியுங்கள். அந்த ஆண்டின் பி60 அல்லது பே ஸ்லிப், கம்பெனிப் பெயர், பாவித்த பெயரின் எல்லா எழுத்து வடிவமும், இவற்றோடு என்.ஐ. பிரிவைக் கூப்பிடுங்கள்: 0300 200 3500. பழைய பி60களைத் தூக்கி எறியாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, பிள்ளை வளர்த்த ஆண்டுகள். 1978 முதல் 2010 வரை சைல்ட் பெனிஃபிட் வாங்கியவர்களுக்கு, அந்த ஆண்டுகளைப் பென்ஷன் கணக்கில் காக்கும் எச்.ஆர்.பி. என்ற பாதுகாப்பு உண்டு. 2000 மேக்கு முன் கொடுத்த விண்ணப்பத்தில் என்.ஐ. நம்பர் இல்லாவிட்டால் அது பதிவாகாமல் போயிருக்கலாம். 1980களிலும் 90களிலும் வந்து வேலைக்குப் போகாமல் பிள்ளைகளை வளர்த்த அம்மாக்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. படிவம் சிஎஃப்411.

உண்மையான இடைவெளி என்றால் பொதுவாகக் கடந்த ஆறு ஆண்டுக்குக் காசு கட்டி நிரப்பலாம். இப்படி விரும்பிக் கட்டும் என்.ஐ.யான கிளாஸ் 3 கட்டணம் 2025-26இல் வாரம் 17.75, ஓர் ஆண்டுக்கு 923 பவுண்டு. அது பென்ஷனில் வாரம் 6.58 வரை, ஆண்டுக்குச் சுமார் 342 கூட்டும். வரி போனாலும் நான்கு ஆண்டுக்குள் போட்ட காசு திரும்பிவிடும். எல்லா ஆண்டும் தொகையைக் கூட்டாது. கட்டுவதற்கு முன் டி.டபிள்யூ.பி.யிடம் "இந்த ஆண்டைக் கட்டினால் என் வாரத் தொகை எவ்வளவு ஏறும்?" என்று கேட்டு, எண்ணை எழுதிக்கொண்டு கட்டுங்கள். பென்ஷன் முடிவே தப்பென்றால் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

ஊருக்குப் போய்விட்டோம், தொகை ஏறவில்லை

இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் குடியிருப்பவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. குடியேறிய அன்று இருந்த தொகையே நிற்கும். முதன்முதலில் அங்கிருந்தே வாங்க ஆரம்பித்தால் அன்றைய தொகை. மேல்முறையீட்டில் மாறும் விஷயம் அல்ல. பிரிட்டனுக்குத் திரும்பி வந்து தங்கும் நாட்களுக்கு நடப்புத் தொகை கிடைக்கும், ஆனால் வருவதையும் போவதையும் நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். முகவரி மாற்றத்தைச் சொல்லாமல் லண்டன் வங்கியிலேயே உயர்ந்த தொகையை வாங்கிக்கொண்டிருந்தால், பிறகு அதிகம் வாங்கியதைத் திரும்பக் கேட்பார்கள். வெளிநாட்டு முகவரிக்கு, உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் லைஃப் சர்டிஃபிகேட் படிவம் வரும். சாட்சி கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நிறுத்திவைக்கப்படும். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ தபால் தாமதமாகும் என்பதால், படிவம் கைக்கு வந்த வாரத்திலேயே நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.